சாவி இன்னொருவர் கையில்

எர்வின்
செப்டம்பர் 2, 2008

அன்புத் தம்பி ராய்ஸுக்கு,

அக்கா வெர்லீன் எழுதுவது. நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். உன் முட்டி எப்படி இருக்கிறது? டார்லாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?

போனில் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உன் அத்தான் ஹோபர்ட் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருக்கிறார். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறார். அதனால் சர்ச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் சர்ச் விலாசத்துக்கே போடு. முப்பத்தொரு வருஷம் தபால்காரராக இருந்த மனிதரிடமிருந்து, வீட்டுக்கு வரும் கடிதத்தை மறைப்பது லேசான காரியம் இல்லை.

விஷயம் இதுதான். ஹோபர்ட்டின் துப்பாக்கி லைசென்ஸ் கார்டு காலாவதியாகி ஆறு மாதம் தாண்டிவிட்டது. இனிப் புதுப்பிக்க முடியாதாம், முதலிலிருந்து வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதிச் சுட்டுக் காட்ட வேண்டுமாம். நீ நடத்தும் வகுப்புக்குத்தான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அவர் எழுதினால், இடமில்லை, கூட்டம் அதிகம் என்று ஏதாவது சாக்குச் சொல்லிவிடு. வயதாகிறது, ஏழு மணி நேரம் காரில் அலைய வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கொஞ்சம் மறதியும் இருக்கிறது.

இன்னொன்று. சாமான் அறைக் கதவில் ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. பழைய ஓக் பலகை. எதை வைத்து அடைத்தால் தெரியாமல் இருக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்குமே, எழுது.

அன்புடன்,
அக்கா வெர்லீன்

*

ஜாக்சன் அருகில்
செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது, மழை வருமுன் வானிலை அறிக்கை வாசிக்கிறது. டார்லாவுக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. என் சட்டைக் கறைகளெல்லாம் இப்போதுதான் அவள் கண்ணில் படுகின்றன, நிம்மதி போயிற்று.

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அத்தான் கார்டு காலாவதியாவதா? ஆளே இல்லாத மலைச்சாலையில் நிறுத்தப் பலகையைப் பார்த்தால் நின்று, மூன்று எண்ணி, பிறகு வண்டி எடுக்கிற மனிதர் அவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் எர்வினில் நடத்திய முதல் வகுப்பில் அவர்தான் முதல் மாணவர். அப்போது நானாக ஒரு விதி சொல்வேன், சட்டத்தில் இல்லாதது: கார்டு இல்லாத நாளில் துப்பாக்கி பெட்டிக்குள், சாவி இன்னொருவர் கையில். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அத்தான் மட்டும் அதைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவரை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, அக்கா. எட்டு மணி நேர வகுப்பு, ஒரு எழுத்துப் பரீட்சை, ஐம்பது தோட்டா. ஐம்பதில் முப்பத்தைந்து பட்டால் போதும். அவருக்கு அது கிள்ளுக்கீரை. வரட்டும், நீயும் வா, டார்லாவோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறதே.

ஓட்டைக்கு மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்துத் தேய். எவ்வளவு பெரிய ஓட்டை?

உன் தம்பி,
ராய்ஸ்

*

எர்வின்
செப்டம்பர் 15

அன்புள்ள ராய்ஸுக்கு,

ஹோபர்ட் எழுதுவது. நான் நலம். நீங்களும் டார்லாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆப்பிள் இந்த வருஷம் சிறுத்துப்போய்விட்டது.

என் கார்டு காலாவதியாகிவிட்டது. எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை, வெட்கமாக இருக்கிறது. தெரிந்த அன்றைக்கே, நீங்கள் வகுப்பில் சொன்னபடி, துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை வெர்லீனிடம் கொடுத்துவிட்டேன். இடுப்பு லேசாக இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வகுப்பு எந்தத் தேதி என்று தெரிவிக்கவும். எனக்குத் தனிச் சலுகை எதுவும் வேண்டாம். மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஹோபர்ட்

*

ஜாக்சன் அருகில்
செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

டார்லாவும் நானும் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன்.

அத்தான் 15ஆம் தேதி எழுதிய ஒரு கடிதம் வந்தது. வந்த மறுநாளே, அடுத்த வகுப்பு நவம்பர் 15 என்று பதில் போட்டேன். 19ஆம் தேதி எழுதிய இன்னொரு கடிதம் வந்தது. நேற்று மூன்றாவது. மூன்றிலும் ஒரே வாசகம். ஆப்பிள் சிறுத்தது, இடுப்பு லேசானது, வரிசையில் நிற்பது, எல்லாம் எழுத்துப் பிசகாமல். தபால்தலைகூட அதே மாதிரி நேராக ஒட்டியிருக்கிறது. மூன்றையும் மேஜைமேல் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டார்லா வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்சம் மறதி என்று எழுதியிருந்தாய். எவ்வளவு கொஞ்சம்? ஓட்டை எவ்வளவு பெரிது என்று கேட்டதற்கும் நீ பதில் போடவில்லை. கதவில் எந்த உயரத்தில் இருக்கிறது அது?

ராய்ஸ்

*

எர்வின்
அக்டோபர் 9

அன்புத் தம்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. தூக்கம் மட்டும் ஆகஸ்டு மாதத்திலிருந்துதான் வருகிறது.

ஓட்டை என் காது உயரத்தில் இருக்கிறது. சுண்டுவிரல் நுழையும்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைவலி, சர்ச்சிலிருந்து பாதியில் கிளம்பிவிட்டேன். பின்வாசல் வழியாக வந்து மாவுப் பையைச் சாமான் அறையில் வைக்கப் போனேன். "யாரு வீட்டுக்குள்ள?" என்று கேட்டார். "நான்தாங்க" என்றேன். "நான்னா யாரு?" என்றார். நான் திரும்புவதற்குள் சுட்டுவிட்டார். காதோரம் போய்க் கதவில் இறங்கியது. அப்புறம் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, "அடிகிடி படலியே? உக்காருங்க, தண்ணி தரேன்" என்றார். கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். மாவெல்லாம் தரையில் கொட்டிக் கிடந்தது. சாயங்காலம் அந்தக் கதவைப் பார்த்து, "இது எப்போ ஆச்சு வெர்லீன்?" என்று கேட்டார்.

ஜான்சன் சிட்டியில் டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். எழுத மனம் வரவில்லை.

ஏன் துப்பாக்கியை எடுத்து ஆற்றில் போடவில்லை என்று கேட்பாய். போட்டால், யாரோ வீடு புகுந்து திருடிவிட்டார்கள் என்று ஷெரீபுக்குப் போன் செய்வார், மறுநாள் கடைக்குப் போய் வேறு வாங்குவார். நான் சொல்லி அவர் கேட்க வேண்டுமென்றால் நான் யாரென்று அவருக்குத் தெரிய வேண்டுமே. பாதி நாள் தெரிவதில்லை. ஆனால் காகிதத்தில் எழுதியிருந்தால் கட்டுப்படுவார். அது மட்டும் இன்னும் போகவில்லை. புதுப்பிக்கச் சொல்லி ஜனவரியில் வந்த கடிதத்தை, அவர் காய்ச்சலில் படுத்திருந்த அன்று எடுத்து ஒளித்து வைத்தது நான்தான். போன வருஷக் கடைசியிலேயே தன் பழைய தபால் பாதையில் வழி தவறி நின்றிருந்தார், அதனால் செய்தேன். பிறகு ஆறு மாதம் முடிகிற வரைக்கும் காலண்டரில் நாள் அடித்துக்கொண்டே வந்தேன். முடிந்த மறுநாள் காலை, "உங்க கார்டுல தேதிய பாருங்க" என்றேன். முகம் வெளுத்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் சாவி என் கையில். நாற்பத்துமூன்று வருஷத்தில் நான் அவருக்குச் செய்த ஒரே துரோகம் இது. செய்துவிட்டு நன்றாகத் தூங்குகிறேன்.

நீ இடமில்லை என்றாலும் அடுத்த ஊரில் வேறு யாரிடமாவது போவார். அதனால் நீயே நடத்து. நடத்தி, தோற்றுவிட்டார் என்று எழுதிக் கொடுத்துவிடு. நீ எழுதினால் அவர் வாய் திறக்கமாட்டார். இதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை, ராய்ஸ். களைத்துப்போய்விட்டேன்.

அக்கா

*

ஜாக்சன் அருகில்
அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நான்கு தரம் பதில் எழுதிக் கிழித்தேன். டார்லா உனக்காக அழுதாள். நானும்தான்.

நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாஸ்டரைத் தோற்கடித்திருக்கிறேன். டார்லாவை இரண்டு தரம் தோற்கடித்து ஒரு மாதம் ஆறின சோறு தின்றிருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒருவன், மத்தியானச் சாப்பாட்டோடு வகுப்பை முடித்து எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறான். அவன் அனுப்பிய ஆள் ஒருவன் காருக்குள்ளேயே தன் தொடையில் சுட்டுக்கொண்டான். என் கையெழுத்து இருந்தால் அந்த எண் மெய் என்று அர்த்தம். அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிற சொத்து. பட்டதைப் படவில்லை என்று ஒரு தரம் எழுதினால், படாததைப் பட்டது என்று எழுதச் சொல்லி நாளைக்கு ஒருவன் வந்து நிற்கும்போது என்ன சொல்வேன்?

ஆனால் நீ பயப்பட வேண்டாம். பெண்டாட்டி யாரென்று தெரியாதவர் பதினைந்து கஜத்தில் இலக்குத் தாளை எங்கே அடிக்கப்போகிறார்? எழுத்துப் பரீட்சையே தாண்டமாட்டார். தானாகத் தோற்பார். நான் பொய் எழுத வேண்டிய அவசியமே வராது. கூட்டிக்கொண்டு வா. வண்டியை நீயே ஓட்டு, பெட்டி பின்னால் இருக்கட்டும்.

உன் தம்பி,
ராய்ஸ்

*

எர்வின்
அக்டோபர் 27

ராய்ஸுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் சொத்து உன்னிடமே இருக்கட்டும். 14ஆம் தேதி சாயங்காலம் வந்து சேருகிறோம். டார்லாவிடம் ஆப்பிள் ஜாம் கொண்டுவருவதாகச் சொல்.

வெர்லீன்

*

ஜாக்சன் அருகில்
நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? மலையில் பனி என்று செய்தியில் சொன்னார்கள். நீ ஜாம் வைத்துவிட்டுப் போன பாத்திரம் இங்கேயே இருக்கிறது.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் நீ என் முகத்தைப் பார்க்காமலே காரில் ஏறிவிட்டாய். அதனால் எழுதிவிடுகிறேன். நான் சொன்னபடியே ஆயிற்று. எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டார், பழக்கம் அப்படி. சுடும் திடலில்தான் முடியவில்லை. ஐம்பதில் முப்பத்தொன்று. இரண்டு தடவை எண்ணினேன். நீ கேட்டதை நான் செய்ய வேண்டி வரவில்லை, அவராகத்தான் தோற்றார். நீ மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே. உன்மேலும் குற்றமில்லை, என்மேலும் இல்லை.

மத்தியான இடைவேளையில் அவரும் நானும் குளத்துப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தோம். பழைய தபால் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வேறு ஒன்றுமில்லை. பெட்டியை இங்கேயே விட்டுப் போங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருத்தன் துப்பாக்கி அவன் வீட்டுக் கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்றும், நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன் என்றும் சொல்லிவிட்டார். சொன்னேனா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. அவர் நோட்டில் இருக்கும்.

இன்னொரு செய்தி. தேர்தல் முடிந்ததிலிருந்து, துப்பாக்கிச் சட்டம் இறுகிவிடுமோ என்ற பயத்தில், வகுப்புக்குக் கூட்டம் நெரிகிறது, தோட்டா கடையில் கிடைப்பதில்லை. என்னால் முடியவில்லை. முட்டி வலி அதிகமாகிவிட்டது. இனி வகுப்பு எடுப்பதில்லை என்று மாநில அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன். டார்லா ஏன் ஏன் என்கிறாள். முட்டிதான்.

உன் தம்பி,
ராய்ஸ்

*

எர்வின்
நவம்பர் 24

அன்புள்ள ராய்ஸுக்கு,

ஹோபர்ட் எழுதுவது. நான் நலம். டார்லாவின் நலத்தையும் விசாரித்ததாகச் சொல்லவும். பன்றித் தொடையும் பீன்ஸும் மிக நன்றாக இருந்தன.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது டார்லா வழக்கம்போல எல்லாருடைய இலக்குத் தாளையும் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு அவரவர் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து என் தாளைப் பிரித்து ஓட்டைகளை எண்ணினேன். நாற்பத்தொன்பது வருகிறது. முப்பத்தொரு வருஷம் கடிதம் எண்ணிய கை, எண்ணுவதில் நான் பிசகமாட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் நீங்கள் முப்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கையெழுத்து எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆகவே பிசகு என்னிடம்தான். நான் எண்ணுவதும் சரியில்லை என்று இதிலிருந்து தெரிந்துகொண்டேன். இதை யாரும் என்னிடம் நேராகச் சொல்வதில்லை. நீங்கள் சொன்னதற்கு நன்றி.

குளத்தங்கரையில் நான் சொன்னதை வெளியே சொல்ல வேண்டாம். வீட்டில் ஒரு பெண்மணி வந்துபோகிறார்கள் என்றும், வெர்லீன் எங்கே போனாள் என்று தெரியவில்லை என்றும் சொன்னேன் அல்லவா. அதைக் கேட்டு உங்கள் கண் கலங்கியது. வெர்லீன் உங்கள் அக்கா ஆயிற்றே, உங்களுக்கும் கவலை இருக்கும். வந்தவுடன் உங்களுக்குப் போன் செய்யச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஹோபர்ட்

*

எர்வின்
டிசம்பர் 14

அன்புத் தம்பி ராய்ஸுக்கு,

குளிர் இங்கே எலும்புவரை போகிறது. எனக்கு ஒரு வாரம் இருமல், இப்போது பரவாயில்லை. இந்தக் கடிதத்தை வீட்டில் உட்கார்ந்தே எழுதுகிறேன். போனுக்குக் கீழே நாற்காலியில் அவர் இருக்கிறார். உரிக்கப் பீன்ஸ் இல்லை, உரித்த நாரையே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். நான் யாருக்கு என்ன எழுதினாலும் இனி அவர் கேட்கப்போவதில்லை.

போன வாரம் சர்ச்சிலிருந்து வந்தபோது, சாமான் அறைக் கதவில் நீளமாக ஒரு தாளைக் குத்திவைத்திருந்தார். உன் வகுப்புத் தாள். சரியாக அந்த ஓட்டைக்கு மேலே. குளிர் காற்று வருகிறது, அடைத்தேன் என்றார். அவர் தூங்கிய பிறகு கிட்டே போய் எண்ணினேன். விரல் வைத்து எண்ணினேன், மூன்று தடவை. தாளில் நாற்பத்தொன்பது. அடியில் கதவில் இருப்பதையும் சேர்த்தால் ஐம்பது.

அக்டோபரில் உன்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு என்ன பேர் வைப்பதென்று தெரியவில்லை. காரில் உன் ஊருக்கு வரும்போது ஏழு மணி நேரமும் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நான் கேட்டதைச் செய்யமாட்டேன் என்றவன், எனக்கே தெரியாமல் செய்துவிட்டு, செய்யவில்லை என்று எனக்கு எழுதியும் விட்டாய். முட்டி வலி என்று எழுதியிருக்கிறாய். சரி, முட்டி வலி என்றே வைத்துக்கொள்கிறேன். எண்ணெய் காய்ச்சித் தேய். இனி இதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். ஊர் வந்து சேர்ந்த இரவு பெட்டியைப் பரண்மேல் வைத்துப் பூட்டி, வகுப்புக்காக என்னிடம் வாங்கிய சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். நான் கேட்கவில்லை, கேட்கப் பயம். பத்து நாள் நான் உட்கார்ந்தே தூங்கினேன். அப்புறம் உனக்கு ஒரு கடிதம் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். வந்தவர், நேராக என் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"அம்மா, கார்டு இல்லாதப்போ இது இன்னொருத்தர் கையிலதான் இருக்கணும். நீங்க நல்லவங்களா தெரியறீங்க. என் பெண்டாட்டி வர்ற வரைக்கும் வெச்சிருங்க" என்றார்.

வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வந்தா யார்கிட்ட வாங்கிக்கணும்னு சொல்றது? உங்க பேரு?"

"வெர்லீன்" என்றேன்.

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். "அவ பேரும் அதான்" என்றார். "அப்போ பயமில்ல."

சாவியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். ஆற்றில் எறிய வேண்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது எப்படி எறிவது, என்னை நம்பிக் கொடுத்திருக்கிறாரே.

டார்லாவைக் கேட்டதாகச் சொல். பாத்திரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உன் அக்கா,
வெர்லீன்